என் மகள் என்னை அறியாத மூன்று நாட்கள்

வெள்ளிக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு, எட்டயபுரம் பஸ் நிறுத்தத்தில், என் மகள் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, யாரோ ஒருத்தியைப் பார்த்தவள்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நேரம் எனக்கு நிச்சயமாகத் தெரியும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்க்கும் நிலையில்தான் அன்று இருந்தேன். யாழ்ப்பாணத்தில் என் கணவர் வைத்தியசாலையில் கிடந்தார். கிணற்றடியில் வழுக்கி விழுந்து, தலைக்குள் இரத்தம் உறைந்து, வலது பக்கம் இழுத்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை சத்திரசிகிச்சை. அதற்குப் பிறகு பேசுவாரா, எங்களை அடையாளம் தெரியுமா என்பதைச் சொல்ல முடியாது என்று டொக்டர் சொன்னார். கோணிப்போன வாயால் அவர் கேட்டது ஒன்றுதான்: நிரோவைக் கூட்டிவா.

நிரோஜினி எங்கள் ஒரே பிள்ளை. இருபத்தைந்து வயது, தாதியாகப் படித்தவள். ஊழியத்துக்குப் போகிறேன் என்று ஆறு மாதத்துக்கு முன் கடல் கடந்து கோவில்பட்டிப் பக்கம் பயிற்சிக்கு வந்தாள். பயிற்சி முடிந்ததும் ஒரு வெயில் நாட்டுக்குப் போய்ப் பிள்ளைப்பேறு பார்க்க வேண்டும். எந்த நாடு என்று வெளியில் சொல்ல வேண்டாம் என்று மிஷன்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள், இப்போதும் சொல்லமாட்டேன். ஐந்து மாதம் ஞாயிறுதோறும் போன் வந்தது. ஆறாவது மாதம் போனும் இல்லை, கடிதமும் இல்லை, அதுவும் பயிற்சிதான் என்று முன்பே சொல்லியிருந்தாள். அந்த மாதம் பார்த்து அவர் விழுந்தார். பயிற்சி மையத்தின் எண்ணுக்கு முப்பது முறையாவது அடித்திருப்பேன். மணி போகும். எடுக்கமாட்டார்கள். அவரை அவருடைய தம்பியின் பொறுப்பில் விட்டுவிட்டு நானே புறப்பட்டேன்.

கோவில்பட்டியில் தப்பான பஸ்ஸில் ஏறியதால்தான் அவளைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். பசுவந்தனைக்குப் போக வேண்டியவள், யாரையும் கேட்காமல், புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்த வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். ஊர் தாண்டிய பிறகுதான் நடத்துநர் வந்தார்.

"எம்மா, பசுவந்தனைக்கு இது போவாது. எட்டயபுரத்துல எறங்கி வேற வண்டி பிடிங்க. நீங்க என்ன, கேரளாவா?"

"யாழ்ப்பாணம்."

"அதான பார்த்தேன். ரேடியோப் பெட்டி பேசுத மாதிரியில்லா பேசுதீங்க."

பின் இருக்கையில் இருவர் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும். என் கண் வெளியே இருந்தது. இருபத்தெட்டு வருடமாகப் பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். கரிசல் மண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காய்ந்தால் வெடிக்கும் என்று எத்தனை வகுப்பில் எழுதிப்போட்டிருப்பேன். வெடிப்பு என்றால் இப்படி இருக்கும் என்று தெரியாது. பயிர் இல்லாத கறுப்பு நிலம் இரண்டு பக்கமும் அடிவானம் வரை கிடந்தது. எங்கள் செம்மண்ணில் நாலடிக்கு ஒரு வேலியும் வீட்டு வளவுக்கு ஒரு கிணறும் இருக்கும். எங்கே பார்த்தாலும் யாராவது ஒருவருடைய பனையாவது நிற்கும். இங்கே கண் போய்த் தங்க ஓர் இடம் இல்லை. தூரத்தில் காற்றாலைகள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன. ஆளே இல்லாத நிலத்தில் ஏதோ ஒன்று மட்டும் ஓயாமல் வேலை செய்வதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

எட்டயபுரத்தில் வண்டி நின்றது. ஜன்னலுக்கு நேரே, வெங்காயம் விற்கும் பெண் ஒருத்தியின் முன்னால், இரண்டு பெண்கள் கைஜாடையால் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நிமிர்ந்தாள். நிரோ. வெளிறிய நூல்சேலை, எண்ணெய் வைத்து இறுக்கிய தலை, ஒரு சுற்று மெலிந்த முகம்.

"நிரோ! பிள்ளை!" என்று கத்தினேன்.

அவள் கண் என்மேல் நின்றது. மூன்று எண்ணும் நேரம் நின்றிருக்கும். அந்தக் கண்ணில் திகைப்பு இல்லை, மகிழ்ச்சி இல்லை, கோபமும் இல்லை. பிறகு குனிந்து வெங்காயப் பையை எடுத்தாள். நெரிசலை விலக்கி நான் இறங்குவதற்குள் அந்த இடம் வெறுமையாக இருந்தது. ஷேர் ஆட்டோ ஒன்று புழுதியோடு திரும்பிப் போனது.

வெங்காயக்காரியிடம் கேட்டேன்.

"எந்தப் பிள்ளை?" என்றாள்.

"இப்ப இதில நிண்டவா. உங்களிட்ட வெங்காயம் வாங்கினவா."

"இங்கன யாரும் நிக்கலியேம்மா. காலையிலேருந்து நீங்கதான் மொத ஆளு."

அவளுடைய தராசுத்தட்டு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

பயிற்சி மையத்துக்குப் போய்ச் சேர இரண்டு மணியாயிற்று. பசுவந்தனையில் இறங்கி ஆட்டோக்காரரிடம் மிஷன் பெயரைச் சொன்னேன். அவருக்குத் தெரியவில்லை. "பழைய தீப்பெட்டி ஆபீஸா?" என்றார். இந்தப் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை அப்படித்தான் சொல்கிறார்கள். எப்போதோ மூடிய அந்தக் கட்டடத்தைத்தான் மிஷன் வாங்கியிருந்தது. வெட்டவெளியில் நீளமான ஓட்டுக் கொட்டகை, சுற்றிலும் உடைமரம். உள்ளே போனதும் மெழுகும் கந்தகமும் கலந்த வாடை. கட்டில்கள் வரிசையாகக் கிடந்தன, விரிப்புகள் மடித்திருந்தன, ஓர் ஆளையும் காணவில்லை. சமையல்கட்டிலிருந்து ஒரு பெண் முந்தானையில் கை துடைத்தபடி வந்தாள். செல்லக்கனி. பயிற்சிக்காரர்களுக்குப் பொங்கிப்போடுகிறவள்.

"வாங்கம்மா, வாங்க. இந்த வாரம் ஆளு வரும்னு ஐயா சொல்லிட்டுத்தான் போயிருக்காவ," என்றாள்.

ஐயா என்றது மையத்தை நடத்துகிறவரை. எனக்கு உயிர் வந்தது. என் செய்தி எப்படியோ வந்து சேர்ந்திருக்கிறது என்று நினைத்தேன். உட்காரவைத்துக் கருப்பட்டிக் காப்பி தந்தாள். எங்கள் ஊரில் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணீர் குடிப்போம். இங்கே அதையே காய்ச்சிவிடுகிறார்கள், சுக்கு வாசத்தோடு. இரண்டு நாளில் வயிற்றில் ஒழுங்காக இறங்கியது அதுதான்.

"எந்தப் பிள்ளைக்கு வந்திருக்கீங்க?"

"நிரோஜினிக்கு."

"என்ன சேதி?"

"அவவின்ர அப்பாக்குக் கடும் ஏலாமக் கிடக்கு. செவ்வாய்க்கிழமை தலையில ஒப்பரேஷன்."

செல்லக்கனி உதட்டைப் பிதுக்கினாள். "எல்லாரும் இதையேதான் சொல்லுதாவ. அப்பாக்கு முடியல, அம்மாக்கு முடியல. புதுசா ஒண்ணு யோசிக்கப்படாதா?"

எனக்கு விளங்கவில்லை. அவள்தான் விளக்கினாள், வெங்காயம் உரித்துக்கொண்டே. கடைசி மாதம் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகத் தெலுங்கு பேசும் வீடுகள் உள்ள ஊர்களில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அங்கே யாரும் அவர்களிடம் தமிழ் பேசக்கூடாது, அவர்களும் பேசக்கூடாது. பாஷை தெரியாத ஊரில் ஊர்பேர் தெரியாத ஆளாக எப்படி இருப்பது என்பதைப் படிக்க அது ஒரு வழி. யார் தேடி வந்தாலும் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று சந்தைக்காரர்களிடம்கூடச் சொல்லிவைத்திருந்தார்களாம். மாதக் கடைசியில் ஒரு சோதனை. வீட்டிலிருந்து கெட்ட செய்தி கொண்டுவருகிறவர்போல ஓர் ஆளை ஐயா அனுப்புவார். அழுது, கெஞ்சி, கையைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார்கள். பிள்ளை அசையக்கூடாது. ஐயா தன் வாயால் சொன்னால் தவிர எந்தச் செய்திக்கும் எழுந்து போகக்கூடாது.

"என்னத்துக்கு இப்படிக் கொடுமை?" என்றேன்.

"கொடுமைதான். ஆனா இவிய போற நாட்டுல ஒரு பிள்ளைய இப்படித்தான கூட்டிட்டுப் போனாவ? ஒங்க அம்மை சாகக் கெடக்கான்னு ஒருத்தன் வந்து சொன்னானாம். நம்பி வண்டியில ஏறிச்சு. பெறகு அந்தப் பிள்ளைய ஒருத்தரும் பார்க்கல. அதுலேருந்துதான் ஐயா இந்தச் சோதனைய வச்சாவ."

நான் அனுப்பப்பட்ட ஆள் இல்லை, பெற்ற தாய் என்றேன். பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினேன். அவள் அதைத் தொடவில்லை. "போன தடவ வந்தவரு போலீஸ் கடுதாசியே கொண்டாந்தாரு," என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருந்த ஒரு சட்டத்தைத் திருப்பினாள். அப்போதுதான் கவனித்தேன். பதினாறு சட்டங்கள் வரிசையாக, சுவரைப் பார்த்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு தொங்கின. பிள்ளைகளின் குடும்பப் படங்கள். அந்த ஒரு மாதத்துக்கு அவற்றைத் திருப்பிப்போடுவது வழக்கமாம். எங்கள் ஊரில் காணாமல்போன பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு தெருவோரம் இருக்கும் தாய்மாரைப் பார்த்துப் பழகியவள் நான். தாயின் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப்போடும் இடத்தை முதல் முறை பார்த்தேன்.

செல்லக்கனி என் முகத்தையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். பத்து வருடத்துக்கு முந்தைய படம். நான் கறுப்புத் தலையோடு இருந்தேன்.

"எங்கேருந்து பிடிச்சாவளோ," என்றாள், "மூக்கு மொதக்கொண்டு பொருந்துது. வயசுதான் கொஞ்சம் கூடிப்போச்சு."

ஐயாவோடு பேச வேண்டும் என்றேன். ஐயா ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு அந்தப் பிள்ளை இருக்கும் ஊருக்குத்தான் வருவார் என்றாள். மையத்தின் எண் என்று என்னிடம் இருந்ததுதான் அவருடைய எண்ணும்; என் கைப்பேசியிலிருந்து அடித்தேன். அடுத்த அறையில், பூட்டிய மேசை இழுப்பறைக்குள், மணி அடித்தது. பிள்ளைகளுக்கு இல்லாத போன் எனக்கும் வேண்டாம் என்று அந்த மாதம் முழுவதும் அவர் அதை இழுப்பறையில் போட்டுவிடுவாராம். யாழ்ப்பாணத்திலிருந்து நான் அடித்த முப்பது முறையும் அந்த மேசைதான் கேட்டிருக்கிறது.

"விடாம அடிச்சுது," என்றாள் செல்லக்கனி. "எடுக்கப்படாதுன்னு உத்தரவு."

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். அதை நினைத்துத்தான் இன்னும் தூக்கம் கெடுகிறது. மகள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று கேட்டேன். "அனுப்புன ஆளுக்குத்தான் ஊரு பேரச் சொல்லணும். பெத்தவிய வந்தாச் சொல்லப்படாது," என்றாள். என்னை நேராகப் பார்த்தாள். "நீங்க ஐயா அனுப்புன ஆளுதான?"

"ஓம்," என்றேன்.

கோவில்பட்டி விடுதியில் ஓர் இரவு கழித்து, சனிக்கிழமை காலை அந்த ஊருக்குப் போனேன். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விடுகிறேன். முப்பது நாற்பது வீடுகள், ஒரு கண்மாய், ஒரு பள்ளிக்கூடம். ஆட்டோ நின்றதும் வேப்பமரத்தடியில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். பால் வண்டிக்காரரிடம் செல்லக்கனி முந்தின நாளே சொல்லியனுப்பிவிட்டாள். நான் யார், எதற்கு வருகிறேன் என்பது ஊருக்கே தெரிந்திருந்தது, என்னைத் தவிர.

ரங்கம்மா வந்து கையைப் பிடித்து அழைத்துப்போனாள். அவள் வீட்டில்தான் நிரோ இருந்தாள்; சோடிப் பிள்ளை அடுத்த தெருவில். ஐம்பது வயது, கட்டையான உருவம், வெற்றிலைச் சிவப்பு வாய்.

"வாங்கக்கா. சாப்பிட்டுட்டு ஆரம்பிக்கீங்களா, இல்ல அவ வந்ததும் உடனே ஆரம்பிக்கீங்களா?"

"எதை?"

"அழுகைய!" சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். "போன வருசம் வந்த அம்மா மண்ணுல விழுந்து பெரண்டாவ. நாங்களே அழுதுட்டோம். எங்க வீட்டுக்காரரு ரெண்டு நாளா சாப்பிடல."

"ஏட்டி, அவியள மூச்சு விட விடு," என்றாள் இன்னொருத்தி. "படிச்சவிய மாதிரி இருக்காவ. அமைதியா நடிப்பாவ போல."

நிரோ விறகுக் கட்டோடு வந்தாள். அதை இறக்கினாள். ரங்கம்மா என்னைச் சுட்டிக் காட்டித் தெலுங்கில் ஏதோ சொன்னாள். என் மகள் என் முன்னால் வந்து நின்று, முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்:

"மீரெவரு?"

ரங்கம்மா மொழிபெயர்த்தாள். "நீங்க யாருன்னு கேக்கா."

குரல் அவளுடையது. உதட்டின் ஓரத்து மச்சம் அவளுடையது. ஆனால் அந்தப் பாஷையில் அவளுடைய முகம் வேறு மாதிரி அசைந்தது. நான் பெற்ற முகம் எனக்குத் தெரியாத விதத்தில் அசைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நிரோ, அம்மா. அப்பா விழுந்திட்டார். தலையில ஒப்பரேஷன். உன்னைக் கேட்கிறார். வா பிள்ளை, இப்பவே போவம்."

அவள் ரங்கம்மாவைத் திரும்பிப் பார்த்தாள், இந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று கேட்பவள்போல.

"தமிழ் நல்லாருக்கு," என்று யாரோ பின்னால் சொன்னார்கள். "சிலோன் தமிழே படிச்சிட்டு வந்திருக்காவ, பாரேன்."

முழங்காலில் இருக்கும் தழும்பைச் சொன்னேன். ஏழு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்ததைச் சொன்னேன். "அதெல்லாம் சேரும்போதே நோட்டுல எழுதி வாங்கிருவாவ," என்றாள் ரங்கம்மா. வைத்தியசாலைக் கட்டிலில் அவர் கிடக்கும் படத்தைக் காட்டினேன். ரங்கம்மா கைப்பேசியை வாங்கி, விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இப்பம்லாம் படம் யாரு வேணும்னாலும் செய்யுதாவ. எம் மருமவன் எனக்கு வைரத்தோடு போட்டே ஒரு படம் செஞ்சு அனுப்புனான்," என்றாள். வைத்தியசாலைக்குப் போன் அடித்து அவரை நேரில் காட்டலாம் என்றால் அந்த ஊரில் என் கைப்பேசிக்குச் சிக்னல் இல்லை.

மிச்சம் இருந்தது ஒன்று. புறப்படுமுன் அவர் குரலைப் பதிந்து வைத்திருந்தேன். போட்டேன். "குஞ்சு... வா... அப்பாட்ட வா..." கோணிய வாயிலிருந்து வந்த, நாக்குத் தடித்த குரல். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அடங்கினார்கள். நிரோ தலையைச் சாய்த்துக் கேட்டாள். கடைசிவரை கேட்டாள். பிறகு ரங்கம்மாவிடம் தெலுங்கில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

"என்ன கேட்டவா?"

ரங்கம்மா முதல் முறையாகத் தயங்கினாள். "இது யாரு கொரலுன்னு கேட்டா."

அவளைக் குறை சொல்ல முடியாது. அந்தக் குரல் அவளுடைய அப்பாவின் குரல்போல இல்லை. முதல் நாள் வைத்தியசாலையில் கேட்டபோது நானே பக்கத்துக் கட்டில்காரர் பேசுகிறார் என்றுதான் நினைத்தேன்.

மதியம் இரண்டு மணிக்கு வானம் தெற்கே கறுத்தது. ஆட்டோவை அனுப்பாமல் நிறுத்தி வைத்திருந்தேன்; எப்படியும் அவளை அதில் ஏற்றிவிடலாம் என்ற எண்ணம். மழை வருவதைப் பார்த்ததும் ஆட்டோக்காரர் பதறினார். "அம்மா, கரிச மண்ணு நனைஞ்சா யான கூட நகராது. வாரீங்களா, இல்லையா?" வரவில்லை என்றேன். அவர் தப்பித்தார்.

முதல் மழையை அந்த நிலம் குடிப்பதைக் கேட்டேன். கேட்டேன் என்றுதான் எழுத வேண்டும். வீட்டுப் பின்னால் இருந்த புஞ்சையின் வெடிப்புகளுக்குள், முழங்கை வரை விட்டாலும் அடி தட்டாத வெடிப்புகளுக்குள், தண்ணீர் இறங்க இறங்க உள்ளேயிருந்து ஒரு சீறல் வந்தது. வயல் முழுவதும் ஏதோ ஒன்று பல்லிடுக்கால் மூச்சு இழுப்பதுபோல. வெடிப்புகளின் ஓரங்கள் கண்ணெதிரே இளகி ஒன்றையொன்று நோக்கி நகர்ந்தன. விதையைப் புழுதியில் போட்டுவிட்டு மழைக்காகக் காத்திருந்த சனங்கள். ஊரே வாசலில் நின்று சிரித்தது. நிரோவும் அவர்கள் நடுவில் நின்று, அவர்கள் பாஷையில் ஏதோ சொல்லி, அவர்களைப் போலவே சிரித்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

சாயங்காலம் அவள்தான் எனக்குச் சோறு போட்டாள். கம்பஞ்சோறு, கருவாட்டுக் குழம்பு, சுட்ட வத்தல். விருந்தாளிக்குப் போடும் மரியாதையோடு, இரண்டு கையாலும் தட்டை வைத்தாள். சின்ன வயதில் காரம் என்றால் என் சேலையில் நாக்கைத் துடைக்கும் பிள்ளை. "நீள்ளு?" என்று செம்பைக் காட்டினாள். நான் தலையாட்டினேன், ஊற்றினாள். அவளது கை என் கையில் பட்டது. குளிர்ந்திருந்தது. அவ்வளவுதான்.

எங்கள் சமையலில் தேங்காய்ப்பால் எல்லாவற்றையும் மென்மையாக்கிவிடும். இந்தச் சாப்பாட்டில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. கண்ணில் நீர் வந்தது. "இப்பந்தான் அழுகை வருது பாரு," என்று ரங்கம்மா தன் புருஷனிடம் மெதுவாகச் சொன்னது கேட்டது.

ஞாயிறு காலை விழித்தபோது பாதை இல்லை. கறுப்புக் களி மட்டும் இருந்தது. பத்து மணி ஜெபத்துக்கு ஐயா வர வேண்டும். பள்ளிக்கூடம் வரை நடந்து பார்த்தேன். நான்காவது அடியில் செருப்பு புதைந்தது, ஆறாவது அடியில் ஒவ்வொரு காலும் ஒரு கல் கனத்தது. திரும்பி வந்தேன். பத்து ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. திங்கள் மாலை விமானத்தை விட்டால் செவ்வாய் காலைக்குள் போய்ச் சேர வழியில்லை.

நிரோ வாசலில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்தேன். பேசி ஓய்ந்துவிட்டேன். போகிற வருகிறவர்கள் "என்னக்கா, முடியலையா?" என்று கேட்டார்கள், வேலை முடியாதவளிடம் கேட்பதுபோல. ஒரு பெண் எனக்காக இரக்கப்பட்டு, "நெஞ்சில அடிச்சுக்கிட்டு ஒரு தடவ கூப்பிட்டுப் பாருங்களேன்," என்று யோசனை சொன்னாள். அப்போது எனக்குள் ஒன்று நடந்தது. கையைத் தூக்கிக் கண்ணைத் துடைத்தேன்; துடைக்கும்போதே, இந்தக் கை சரியாகத் துடைக்கிறதா என்று பார்த்தேன். ஒரு தாய் எப்படி உட்கார்ந்திருப்பாள், இப்படித்தானா என்று யோசித்தேன். ஊரே ஒன்றைச் சொல்லும்போது தனி ஆள் எவ்வளவு நேரம் தாங்குவாள்? "ஓம்" என்று நான்தானே சொன்னேன். நான் வந்திருக்கும் காரணமே எனக்கு யாரோ சொல்லிக்கொடுத்த வசனம்போல ஒரு கணம் தோன்றியது.

பிறகு நடந்தவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் போய்ச் சேர்ந்தோம். செவ்வாய் காலை, அவரை உள்ளே கொண்டுபோகுமுன், அவர் அவளைப் பார்த்தார். இப்போது அவர் கோலூன்றி நடக்கிறார்; பேச்சு முக்கால்வாசி திரும்பிவிட்டது. எட்டயபுரத்தில் பார்த்ததுமே, அம்மாவையும் சேர்த்துக்கொண்டு சோதிக்கிறார்கள் என்று நினைத்தேன், அம்மா இவ்வளவு நன்றாக நடிப்பாள் என்று பயந்துபோனேன் என்று நிரோ சொன்னாள். அப்பா தேறியதும் திரும்பிப் போய்ப் பயிற்சியை முடித்தாள். நான் தடுக்கவில்லை. இப்போது அந்த நாட்டில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் கைப்பேசியில் முகம் காட்டிப் பேசுகிறாள். படம் தெரிந்ததும், வாய் திறக்குமுன், கொஞ்ச நேரம் என் முகத்தை உற்றுப் பார்க்கிறாள். அது இணைப்பின் தாமதம் என்கிறார் அவர். இருக்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஒன்றே காலுக்கு, பள்ளிக்கூடப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். வேட்டியைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டி, செருப்பைக் கையில் தூக்கி, ஒவ்வோர் அடியாகக் காலைப் பிடுங்கி வைத்து. நரைத்த தாடி, கறுப்புத் தோல் பை. "ஐயா வருதாவ!" என்று ரங்கம்மா எழுந்தாள். நிரோ சுளகை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். அவர் வாசலுக்கு வந்து, கால் சேற்றைக் குச்சியால் வழித்துக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இவிய யாரு?" என்று ரங்கம்மாவிடம் கேட்டார்.

ரங்கம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நல்லாருக்கே! நீங்க அனுப்புன ஆளத்தான் ஐயா என்கிட்டயே கேக்கீங்களா? நேத்துலேருந்து அப்பாக்கு ஒப்பரேசன், ஒப்பரேசன்னு உசிரக் குடுத்து நடிக்காவ. பிள்ளை அசையணுமே!"

குச்சி நின்றது. அவர் என்னைப் பார்த்தார், பிறகு என் மகளைப் பார்த்தார். அந்த வீட்டில் ஒரு மாதமாக என்னைத் தவிர யாரும் அவளிடம் பேசாத தமிழில், அவளுக்கு மட்டும் சொல்வதுபோல, மெதுவாகச் சொன்னார்:

"நிரோஜினி, நான் இன்னும் யாரையும் அனுப்பலம்மா. ஒனக்கு வர வேண்டிய ஆளு நாளைக்குத்தான் வருவாவ."